சொந்தக் கொழுப்பை எடுத்து வைக்கும் சீரமைப்பு அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில், டாக்டரைப் பார்க்கும் முன்னும் பார்த்த பின்னும் நோயாளிகளிடமும் கூட வந்தவர்களிடமும் பேசுவது என் வேலை. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள், தீக்காயத் தழும்போடு வருபவர்கள், முகத்தில் ஒரு பக்கம் ஒடுங்கியவர்கள் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

என் கொழுப்பையே எடுத்து எனக்கே வைப்பாங்களா? எப்படிங்க?

ஆமாம். வயிறு, இடுப்பு, தொடை என்று கொழுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில், மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை முதலில் செலுத்துவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தம் அதிகம் போகாது. பிறகு தோலில் சில மில்லிமீட்டர் அளவுக்குக் கீறி, கேனுலா என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு மெதுவாக உறிஞ்சி எடுப்பார்கள்.

வெளியே வருவதில் கொழுப்போடு ரத்தம், செலுத்திய நீர், உடைந்த செல்களின் எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். அதைப் படிய விட்டோ, கழுவி வடிகட்டியோ, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியோ பிரிப்பார்கள். நல்ல மஞ்சள் கொழுப்பை மட்டும் சின்னச் சிரிஞ்சில் ஏற்றி, முனை மழுங்கிய கேனுலா வழியாகக் குறை உள்ள இடத்தில் வைப்பார்கள். எடுப்பது, பிரிப்பது, வைப்பது எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆபரேஷன் தியேட்டரில் முடிந்துவிடும். கொஞ்சமாக வைப்பதென்றால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தே செய்யலாம். அளவு கூடினால் முழு மயக்கம் தேவைப்படும்.

இது அழகுக்காகப் பண்ற சமாச்சாரம்தானே?

அழகுக்கும் செய்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் இது தொடங்கியதே நோயால் வந்த குறையைச் சரிசெய்யத்தான். 1893-ல் ஜெர்மனியில் குஸ்டாவ் நாய்பர் என்ற அறுவை மருத்துவர், எலும்பு நோயால் கண்ணருகே குழி விழுந்த ஒருவருக்குக் கையிலிருந்து கொழுப்பை எடுத்து அதை நிரப்பினார். இரண்டு வருடம் கழித்து ஹைடல்பெர்கில் வின்சென்ஸ் செர்னி, மார்பகத்தில் கட்டி எடுத்த ஒரு பெண்ணுக்கு, அவர் இடுப்புப் பகுதியிலேயே இருந்த ஒரு கொழுப்புக் கட்டியை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். வியாதி இல்லாத சாதாரணக் கட்டி அது. தேவையில்லாத இடத்தில் இருந்ததைத் தேவையான இடத்துக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

இன்றைக்கு இது பயன்படும் இடங்கள் நிறைய. மார்பகத்தில் கட்டி மட்டும் எடுத்த பிறகு விழும் பள்ளம், மார்பகம் மீட்டமைத்த பிறகு ஓரங்களில் தெரியும் மேடுபள்ளம், முகத்தின் ஒரு பாதி மட்டும் மெலிந்துகொண்டே போகும் பாரி ராம்பெர்க் நோய், தோல் தடித்துக்கொண்டே போகும் ஸ்கிளீரோடெர்மா நோயில் இறுகிப்போன வாயும் விரல்களும், விபத்துத் தழும்பு, தீக்காயத் தழும்பு. ஒரு பக்கக் குரல் நாண் செயலிழந்து குரல் காற்றாகப் போகிறவர்களுக்கு அந்த நாணைப் பருக்க வைக்கவும் கொழுப்பு வைக்கிறார்கள்.

கொழுப்பு கெட்டதுன்னு சொல்லிட்டு அதையே முகத்துல வெச்சா கொலஸ்ட்ரால் ஏறாதா?

ஏறாது. கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஓடுவது. இங்கே எடுத்து வைப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு. அதில் உயிருள்ள செல்கள், அவற்றைத் தாங்கும் நார்கள், நுண்ணிய ரத்தக் குழாய்கள் எல்லாம் உண்டு. உங்கள் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடவோ குறையவோ இது காரணமாகாது.

எங்க அக்கா நல்லா பூசினாப்ல இருக்கா. அவகிட்ட எடுத்து எனக்கு வைக்க முடியாதா?

பாசமாகக் கேட்கிறார்கள், அக்காவும் பக்கத்தில் தயாராக நிற்பார். ஆனால் முடியாது. அக்காவின் செல்களை உங்கள் உடம்பு அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். அதைத் தடுக்க, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் போல நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். ஒரு பள்ளத்தை நிரப்ப அந்த விலை கொடுக்க எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். சொந்தக் கொழுப்பின் பெரிய சௌகரியமே இந்த நிராகரிப்புப் பிரச்சினை இல்லை என்பதுதான்.

நான் ரொம்ப ஒல்லி. என்கிட்ட எடுக்க என்ன இருக்கு?

முகத்துக்கு என்றால் பெரும்பாலும் சில பத்து மில்லி போதும். ஒல்லியானவர்களிடமும் தொடையின் உள்பக்கம், முழங்காலின் உள்பக்கம், இடுப்பு என்று தேடினால் அந்த அளவு கிடைத்துவிடும். மார்பகத்துக்கு என்று வரும்போதுதான் ஒல்லியானவர்களுக்குச் சிக்கல். அப்போது வேறு வழிகளைப் பேச வேண்டியிருக்கும்.

இதையே தலைகீழாகக் கேட்பவர்களும் உண்டு: “தொப்பையும் போகும், மார்பும் வரும், ஒரே கல்லுல ரெண்டு மாங்காயா?” தொப்பை குறையும் என்று நம்பி வராதீர்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எடுப்பார்கள். எடை குறைப்பதற்கான சிகிச்சை இல்லை இது.

வைக்கிறதுல பாதி கரைஞ்சிடும்னு சொல்றாங்களே? அப்புறம் எதுக்கு வைக்கணும்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் பிடிபட்டால் மீதி எல்லாம் பிடிபடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்த நிமிடமே அதன் ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது இடத்தில் வைத்த முதல் சில நாட்களுக்குச் சுற்றியுள்ள திசுவில் கசியும் திரவத்தை உறிஞ்சித்தான் அந்தச் செல்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து புது நுண்குழாய்கள் முளைத்து உள்ளே வர வேண்டும். கொழுப்பு உருண்டையாகக் கிடந்தால் வெளி ஓரத்தில், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் வரை உள்ளதுதான் தேறும். நடுவில் இருப்பது ஆக்சிஜன் இல்லாமல் செத்துவிடும். நாய்பரே பெரிய துண்டுகள் சரியாகப் பிடிப்பதில்லை, சின்னவைதான் பிடிக்கின்றன என்று அன்றே கவனித்திருந்தார். 1950-களில் அமெரிக்காவில் லிண்டன் பியர் சோதித்துப் பார்த்து, ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சுகிறது என்றார்.

அதற்குப் பிறகு இந்த முறை மேல் பலருக்கு நம்பிக்கை போய்விட்டது. 1970-களின் கடைசியில் பிரான்ஸில் இல்லூஸ் போன்றவர்கள் உறிஞ்சி எடுக்கும் முறையைப் பரப்பிய பிறகுதான் மறுபடி பேச்சு எழுந்தது. 1990-களில் நியூயார்க்கின் சிட்னி கோல்மன் இதை ஒழுங்குபடுத்தினார்: செல் நசுங்காமல் மெதுவாக எடுப்பது, நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் 3 நிமிடம் சுற்றிப் பிரிப்பது, பல அடுக்குகளில் நூல் நூலாக வைப்பது. நாற்றைக் கட்டோடு ஒரே குழியில் அமுக்கினால் அழுகிவிடும், பிரித்து இடைவெளி விட்டு நட்டால்தான் ஒவ்வொன்றும் வேர் பிடிக்கும் இல்லையா, அதே கணக்குதான் இதுவும். இப்படி வைத்தாலும் எவ்வளவு தங்கும் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். தோராயமாகப் பாதி என்று மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அளவு நிலைத்துவிடும். அப்போது மிச்சம் இருப்பது உங்கள் உடம்பின் பகுதி, பொதுவாக நீடித்திருக்கும்.

பாதி போயிடும்னா, இரண்டு மடங்கா வெச்சுட்டா கணக்கு சரியாயிடுமே?

கொஞ்சம் கூடுதலாக வைப்பது வழக்கம்தான். ஆனால் இரண்டு மடங்கு திணித்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் நசுங்கி, தங்க வேண்டியதும் தங்காது. அவ்வளவு செத்த கொழுப்பு முழுதாகக் கரைந்தும் போகாது. எண்ணெய்க் கட்டியாகவோ, தடவினால் தட்டுப்படும் கெட்டியாகவோ நின்றுவிடும். அதனால்தான் இரண்டு மூன்று தடவையாகச் செய்கிறார்கள். இடையில் குறைந்தது மூன்று மாதமாவது விடுவார்கள்.

“ஒரே தடவை, நூறு சதவீதம் நிற்கும்” என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

மிச்சக் கொழுப்பை ஃப்ரீசர்ல வெச்சுட்டு அடுத்த தடவை போடலாமே?

சாதாரணமாக உறைய வைத்தால் செல்லுக்குள் பனிப் படிகம் உருவாகி அது உடைந்துவிடும். அப்படி வைத்ததை மறுபடி செலுத்துவது மேலே சொன்ன செத்த கொழுப்பைச் செலுத்துவது மாதிரிதான். அடுத்த தடவைக்குப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

சுகர் இருக்கு, வீட்டுக்காரர் சிகரெட் வேற பிடிக்கிறார். இதெல்லாம் பாதிக்குமா?

நோயாளியே அந்த வீட்டுக்காரர் என்றால் கண்டிப்பாகப் பாதிக்கும். நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும். கொழுப்பு பிழைப்பதே அந்தக் குழாய்களை நம்பித்தான். பொதுவாக ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னும் பின்னும் சிகரெட், பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். சுகர் கட்டுக்குள் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் தொற்று அபாயம் கூடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

வலி பற்றிக் கேட்டால், வைத்த இடத்தைவிட எடுத்த இடத்தில்தான் அதிகம். வயிறும் தொடையும் அடிபட்டது போல நீலம் பாரித்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். அங்கே இறுக்கமான உடை போடச் சொல்வார்கள். வைத்த இடத்தை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் கூடாது. பத்தியச் சாப்பாடு எதுவும் தேவையில்லை. இந்த நேரத்தில் டயட் என்று பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள பண்ணிட்டா போட்டோவுல நல்லா வருமா?

ஒரு மாதத்தில் வீக்கமே முழுதாக வடிந்திருக்காது. கல்யாணத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

மார்பகத்தையே எடுத்தாச்சு. வெறும் கொழுப்பை வெச்சே முழு மார்பகம் கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் பல தடவை தியேட்டருக்குப் போக வேண்டிய நீண்ட வழி. தோலும் வேண்டும், கொழுப்பு உட்கார இடமும் வேண்டும் என்பதால், உறிஞ்சும் கிண்ணம் போன்ற ஒரு கருவியை வாரக்கணக்கில் மார்பின் மேல் அணிந்து திசுவை விரிய வைப்பதும் உண்டு. நெதர்லாந்தில் இப்படிச் செய்தவர்களையும் சிலிக்கான் இம்ப்ளாண்ட் வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளிவந்தது. சொந்தக் கொழுப்பு வைத்துக்கொண்டவர்கள் வாழ்க்கைத் தரத்தில் பின்தங்கவில்லை, சில அம்சங்களில் மேலாகவே உணர்ந்தார்கள்.

சொந்தத் திசுவை வைத்து முழு மார்பகம் அமைக்க அதிகம் செய்யப்படுவது ஃபிளாப் முறை. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து மார்பில் உள்ள குழாயோடு தைத்துவிடுவார்கள். டீப் ஃபிளாப் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதுவும் உங்கள் கொழுப்புதான். வித்தியாசம், அது தன் சாப்பாட்டு வழியைக் கூடவே கொண்டுவருகிறது. அதனால் கனமான துண்டாக இருந்தாலும் பிழைக்கும். பதிலுக்கு ஆபரேஷன் பல மணி நேரம், வயிற்றில் நீளமான தழும்பு. பல பேருக்கு முதலில் ஃபிளாப், பிறகு மேடுபள்ளம் சரிசெய்ய ஊசி வழிக் கொழுப்பு என்று இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

கேன்சர் இருந்த இடத்துல கொழுப்பு வெச்சா திரும்ப வந்துடாதா?

பயப்படுவது நியாயம். டாக்டர்களே ஒரு காலத்தில் பயந்தார்கள். மார்பகத்தில் கொழுப்பு செலுத்தக் கூடாது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 1987-ல் அறிவித்தது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் குழப்பம் வரும் என்பது அப்போது சொன்ன முக்கியக் காரணம். 2009-ல் அதே சங்கம் ஒரு குழு வைத்து ஆராய்ந்து அந்தத் தடையைத் தளர்த்தியது.

கொழுப்பில் உள்ள தண்டுச் செல்கள் (ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) புற்றுநோய்ச் செல்லைத் தூண்டுமோ என்ற சந்தேகம் ஆய்வுக்கூடச் சோதனைகளிலிருந்து வந்தது. மனிதர்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், கொழுப்பு வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்ட பெரும்பாலான ஆய்வுகளில் நோய் திரும்பும் விகிதம் கூடவில்லை. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2016-ல் வெளியிட்டதும் அப்படித்தான் சொன்னது. பால் குழாய்க்குள்ளேயே நிற்கும் ஆரம்ப நிலைப் புற்று இருந்தவர்களில், அதுவும் இளம் வயதினரில், ஓர் இத்தாலிய ஆய்வு எச்சரிக்கை எழுப்பியது. அதனால்தான் புற்றுநோய் டாக்டர் “இப்போது செய்யலாம்” என்று சொன்ன பிறகே பிளாஸ்டிக் சர்ஜன் தேதி கொடுப்பார். அந்தக் காத்திருப்பை அலைக்கழிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேமோகிராம்ல ஏதோ புள்ளி தெரியுதுன்னு சொன்னாங்க. கொழுப்பா, கேன்சரா?

பிழைக்காத கொழுப்பு எண்ணெய்க் கட்டியாக நின்று, சில வருடத்தில் ஓரத்தில் சுண்ணாம்பு படியலாம். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார். சந்தேகமென்றால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் “இங்கே கொழுப்பு வைத்திருக்கிறது, இந்த வருடம், இவ்வளவு மில்லி” என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் செய்தாவது வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத பல பதற்றங்களை அந்த ஒரு தாள் தவிர்த்துவிடும்.

தீக்காயத் தழும்பு மரக்கட்டை மாதிரி இருக்கு. கொழுப்பு வெச்சா இளகும்னு சொல்றாங்க, நிஜமா?

பலருக்கு இளகுகிறது. முதலில் தழும்பை அடியோடு ஒட்டவைத்திருக்கும் நார்களை ஊசி முனையால் அறுத்து இடம் உண்டாக்குவார்கள். அந்த இடைவெளியில் கொழுப்பு உட்கார்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும். அப்புறம் தோலே மாறுவதும் உண்டு. கதிர்வீச்சால் கருகி இறுகிய, ஆறாத புண்ணாகிப்போன தோல், கொழுப்பு வைத்த பிறகு ஆறியதையும் மென்மையானதையும் 2007-ல் இத்தாலியின் ஜீனோ ரிகோட்டி வெளியிட்டபோது உலகம் முழுக்கக் கவனித்தார்கள். கொழுப்போடு போகும் செல்கள் விடும் வளர்ச்சிக் காரணிகள் புது ரத்தக் குழாய்களைத் தூண்டுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். நிறமும் கோடும் மறையாது. தழும்பு இழுத்துக் கழுத்தோ முழங்கையோ மடங்கியே இருந்தால் அதை வெட்டி விடுவித்து, தோல் ஒட்டோ ஃபிளாப்போ வைக்கும் ஆபரேஷன்தான் முதலில் வரும். பிசியோதெரபியும் பிரஷர் உடையும் நிற்காது.

ஒரு கிளினிக்ல ‘கொழுப்பு ஸ்டெம் செல்’னு முட்டிவலியில இருந்து சுகர் வரைக்கும் சரியாகும்னாங்க. அதுவும் இதுதானா?

இல்லை. கொழுப்பில் தண்டுச் செல்கள் இருக்கின்றன என்பது உண்மை, 2001-ல் கலிபோர்னியாவில் பட்ரிசியா ஸுக்கும் சகாக்களும் காட்டினார்கள். அந்த ஒற்றை உண்மையை வைத்துக்கொண்டு கடை திறந்தவர்கள் ஏராளம். இங்கே நாம் பேசும் சிகிச்சையில் கொழுப்பைக் கழுவிப் பிரித்து அப்படியே வைக்கிறார்கள். நொதி போட்டுச் செல்லை மட்டும் பிரித்தெடுத்து ஊசி போடுவது வேறு விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகைத் தண்டுச் செல்களைத் தவிர மற்றவை ஆராய்ச்சிக்கு மட்டுமே. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்த கிளினிக் பில் போட்டதா என்று பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

நெத்தியில கொழுப்பு ஊசி போட்டு கண்ணே போயிடுச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. புரளியா?

எந்தச் செய்தியைப் பார்த்தீர்கள் என்று தெரியாது, ஆனால் அப்படி நடந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம், ஆனால் நிஜம். புருவ நடுவிலும் மூக்கிலும் உள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. கொழுப்பு தவறிக் குழாய்க்குள் போய், வேகமாக அழுத்தினால் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. முதல் பதிலில் சொன்ன மழுங்கிய முனை, சின்னச் சிரிஞ்ச், அதோடு பின்னோக்கி இழுத்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக வைப்பது எல்லாம் இதைத் தவிர்க்கத்தான். அழகுக்காகப் பின்புறத்தில் பெரிய அளவில் வைக்கும்போது கொழுப்பு பெரிய சிரைக்குள் போய் நுரையீரலை அடைத்து உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அதனால் அங்கே தசைக்குள் செலுத்தவே கூடாது என்று 2018-ல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து எச்சரித்தன.

பியூட்டி பார்லரில் செய்யும் வேலை இல்லை இது. எம்.சி.ஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற உயர் சிறப்புப் பட்டம் படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ்ல வருமா?

நோய், விபத்து, புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்று காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் வாய்ப்பு உண்டு. அழகு சிகிச்சை என்று பதிவானால் பொதுவாக வராது. இரண்டு மூன்று தடவை தேவைப்படும் என்பதையும் முதல் கடிதத்திலேயே எழுதி வாங்கி, அட்மிட் ஆகும் முன்பே அனுமதி கேளுங்கள்.

வயித்துல இருந்து எடுத்ததைக் கன்னத்துல வெச்சிருக்காங்க. நான் குண்டானா கன்னமும் தொப்பை போடுமா?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. வைத்த கொழுப்புச் செல் பிறந்த இடத்தின் குணத்தைப் பெரும்பாலும் விடுவதில்லை. எடை நன்றாக ஏறினால் அந்தக் கன்னம் மட்டும் மற்றதைவிடக் கூடுதலாகப் பருக்கலாம். எடை வேகமாக இறங்கினால் அங்கே வற்றவும் செய்யும். பாரி ராம்பெர்க் நோயில் ஒரு பக்கத்தைச் சமன் செய்தவர்களுக்கு இது கண்ணாடியில் உடனே தெரியும். அதனால் எடை ஒரு நிலையில் நின்ற பிறகு வரச் சொல்வார்கள்.

குழந்தைக்கு அண்ணப் பிளவு தைச்சாச்சு, ஆனா பேச்சு மூக்கால வருது. தொண்டையில கொழுப்பு வைக்கலாம்ங்கிறாங்க. சின்னக் குழந்தைக்கு இது சரியா?

பேசும்போது அண்ணம் எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட வேண்டும். சின்ன இடைவெளி மிஞ்சினால் காற்று மூக்கு வழியாகத் தப்பிவிடும். பின்சுவரிலோ அண்ணத்திலோ கொஞ்சம் கொழுப்பு வைத்து அந்த இடைவெளியைக் குறைக்கலாம். இடைவெளி பெரியதென்றால் இது போதாது, அதற்கு வேறு அறுவை சிகிச்சைகள் உண்டு. எது என்று தீர்மானிக்க, பேசும்போதே மூக்கு வழி எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள்.

முந்தைய பதிலில் சொன்ன எடை விஷயம் இங்கே இன்னும் முக்கியம். தொண்டையில் வைத்த கொழுப்பு உடம்போடு சேர்ந்து பெருத்து, தூக்கத்தில் மூச்சடைப்பை உண்டாக்கியதாகப் பதிவு உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை புதிதாகக் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் திணறி விழித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள். இடைவெளி மூடினாலும் பழகிப்போன உச்சரிப்பு தானாக மாறுவதில்லை.